அச்சில் வராத வரிகள்

ஒரு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி திரையில் தெரியும், அச்சில் வராது. எங்கள் கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் புது வெர்ஷனில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான். அது வேண்டும் என்று மேனேஜருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவின் திட்ட உதவியாளராக இருந்தேன். கிருஷ்ணகிரியில் டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை. எனக்கு வயது இருபத்திரண்டு. எங்களிடம் நாற்பத்தாறு இயந்திரங்கள் இருந்தன. எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் மாற்ற வேண்டும், எதற்குப் பெல்ட் பார்க்க வேண்டும், அதை யார் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதும், செய்து முடித்ததைக் குறித்துக்கொள்வதும் என் பொறுப்பு. எனக்கு அது வேலையாகவே தோன்றியதில்லை. வீட்டிலும் நான் பட்டியல் போடுகிறவள்தான். ஊருக்குப் போகும் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதற்குக்கூட என்னிடம் ஒரு நிரந்தரப் பட்டியல் இருந்தது.

தொழிற்சாலையிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த பூட்ஸோடு இருப்பவர்கள் அதைக் கழற்றி மாட்டும் சிரமத்துக்குப் பயந்து உள்ளே வரவே மாட்டார்கள். கதவின் மேல் பாதி கண்ணாடி. விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். நான் கதவைக் கொஞ்சம் திறப்பேன். இயந்திரத்தின் எண்ணைச் சொல்லி, "பதினாலு முடிஞ்சுதுங்க" என்பார்கள். நான் குறித்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஆவணி வரை இதெல்லாம் ஒரு நீளமான நோட்டில்தான் இருந்தது. அதில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. யார் பேருக்கு வேலை எழுதியிருக்கிறதோ அவரே செய்தால் டிக். அவருக்குப் பதிலாக வேறொருவர் செய்தால் டிக் கிடையாது. ஓரத்தில் ஓர் அம்புக்குறி, அதன் முனையில் செய்தவருடைய முதலெழுத்து.

அம்புக்குறிகளுக்குக் காரணம் யானைகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சானமாவைச் சுற்றியும் தேன்கனிக்கோட்டை வழியிலும் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். எல்லோருக்கும் கொஞ்சம் ராகி நிலம் இருந்தது. கதிர் கட்டும் பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் அவர்கள் இரவில் பரண்மேல் காவல் இருந்துவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு வேலைக்கு வருவார்கள். ஏணியில் ஏறிச் செய்ய வேண்டிய வேலைகளை அந்த நிலையில் செய்யவிடக் கூடாது என்பது ஆட்களுக்குள்ளேயே இருந்த ஓர் ஏற்பாடு. தெற்கிலிருந்து வந்தவர்கள் அந்த வேலைகளைச் செய்துகொடுப்பார்கள். அவர்கள் குலசாமி கும்பிட ஊருக்குப் போகும்போது இவர்கள் திருப்பிச் செய்வார்கள். இவர்கள் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக்கொள்வதுபோலத்தான். சூப்பர்வைசருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த மேனேஜருக்குத் தெரியாது.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஜோடி, சானமாவுக்காரரும் மதுரைக்காரரும். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஊர் சொல்லித்தான். மதுரைக்காரர் பர்மனென்ட் ஃபிட்டர், ஐம்பதை நெருங்கியவர், வாய் ஓயாதவர். சானமாவுக்காரருக்கு முப்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று வருடமாகத் தற்காலிகம். பர்மனென்ட் ஆனதும் ஓசூரிலேயே வீடு பார்த்து மகளைப் பள்ளியில் சேர்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பள்ளி என்பதுவரை முடிவு செய்திருந்தார். அந்தத் தை மாதத்தில் ஐந்து தற்காலிக ஆட்களில் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. மூவரில் அவர் ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாங்கள் வைத்திருந்த ப்ரோகிராமில் படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரு வேலைக்கு ஒரு வரி. முடிந்தால் வரியின் முன்னால் ஒரு எக்ஸ். அம்புக்குறி போட அதில் வழி இல்லாததால், வரிக்குக் கீழே நட்சத்திரம் போட்டு இன்னொரு வரி எழுதி, 'இதை மதுரைக்காரர் செய்தார்' என்று சேர்த்துவிடுவேன். பழைய வெர்ஷன் அதையும் சேர்த்து அச்சடிக்கும். ஒருமுறை வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்தக் குப்பையை எல்லாம் எடுக்க முடியாதா என்றார். அவை சில குறிப்புகள் என்று மட்டும் சொன்னேன். என்ன குறிப்புகள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மாலையே புது வெர்ஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் பெங்களூரிலிருந்து ஒருவர் இரண்டு பிளாப்பிகளோடு வந்து அதை ஏற்றிவிட்டுப் போனார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வாரா வாரம் வரும் வேலையை ஒருமுறை எழுதினால் போதும், அதுவே முளைத்துவிடும். எக்ஸ் போட்ட வரி ஒரு நொடியில் மறைந்து வேறொரு கோப்புக்குப் போய்விடும். முடியாத வரி மறுநாள் பட்டியலுக்குத் தானாக நகரும், கடைசியில் அடைப்புக்குறிக்குள் எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணோடு. ஆள் பேரைச் சொன்னால் அவருடைய பாக்கியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கும். ஒரு பேருக்குக் கீழே வரியே இல்லை என்றால் அந்தப் பேரும் திரையில் இருக்காது. நட்சத்திர வரிகள் திரையோடு நின்றுவிடும். தாள் அவ்வளவு சுத்தமாக இருந்தது. முதல் தாளை நான் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன்.

வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. பதில் ஆள் செய்த வேலைக்கு எக்ஸ் போடாமல் நட்சத்திர வரியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ததாகக் காட்டினால் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவே அந்த வேலைகள் தினமும் நகர்ந்தன, எண் தினமும் கூடியது. என் திரையில் ஒவ்வொன்றுக்கும் கீழேயே விளக்கம் இருந்ததால் எனக்கு அவை பாக்கியாகவே தெரியவில்லை.

ஆட்களுக்குத் தெரிந்தது. காலையில் பலகையில் ஒட்டும் தாளில் சானமாவுக்காரர் பேருக்கு நேரே அடைப்புக்குறிகள் நீண்டுகொண்டே போயின. மதுரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஆனை பக்கத்துலயே கெடந்து கெடந்து ஒனக்கும் வாலு மொளைக்குதுடா" என்று சொல்ல, எல்லோரும் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சானமாவுக்காரரும் சிரித்திருக்கிறார். ஆனால் அன்று மதியம் வந்து கதவைத் தட்டினார்.

"மேடம், அந்த நம்பருங்க எதுக்குங்க?"

"அது ஒண்ணும் இல்லீங்க. யார் செஞ்சாங்கன்னு நான் கீழ குறிச்சு வெச்சிருக்கேன்."

"அம்பு போட்டிருக்கீங்கதான?"

"போட்டிருக்கேன்."

சரி என்று போய்விட்டார். என்னுடைய அந்த ஒரு வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பனி இன்னும் விலகாத காலை. நான் ஸ்வெட்டரோடு போய் நின்றேன். மேசைமேல் ஐந்து பேருடைய கோப்புகள் இருந்தன. புது வெர்ஷனில் ஆள் வாரியாகப் பாக்கி எடுக்கலாம் என்று எழுதியிருந்தாயே, இந்த ஐந்து பேருக்கும் கடைசி மூன்று மாதத்துக்கு எடுத்துக் கொடு என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. என் பக்கத்தைப் படித்திருக்கிறார். ஓடிப்போய் எடுத்தேன். பிரின்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியதைக் கிழித்து, ஓரத் துளைகளைக்கூட நேராகப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தேன்.

மற்ற நான்கு பேர் ராகிக் காவல் இல்லாதவர்கள், அவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தது. சானமாவுக்காரர் பேருக்குக் கீழே பதினேழு வரிகள்.

பார்த்த அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திரையில் பதினேழுக்கும் கீழே பதினேழு நட்சத்திர வரிகள் இருந்தன. தாளில் இல்லை. அவற்றைத் தாளில் வராமல் செய்தது நான். மதுரைக்காரருக்காக இவர் செய்து கொடுத்தவையெல்லாம் ஆவணியில். மேனேஜர் கேட்டது கடைசி மூன்று மாதம், அந்தக் கணக்கும் இதில் வராது.

மேனேஜர் விரலை வைத்து எண்ணினார். "பதினேழு. நாப்பது நாள், அம்பது நாள்னு இருக்கு. இது கரெக்டாம்மா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியவை இரண்டே வாக்கியம். இந்த வேலைகள் நடந்துவிட்டன, வேறு ஆள் செய்தார். அவ்வளவுதான். அதைச் சொன்னால், குறிப்புகள் என்று நான் மழுப்பியதன் அர்த்தம் தெரிந்துவிடும். புது வெர்ஷனை வாங்க வைத்தவள் அதைச் சரியாக யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் மனதில் ஓடியது. என் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. பதற்றப்படாத பெண் என்று எனக்குப் பேர்.

"கம்ப்யூட்டர் எடுத்ததுதான் சார்" என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் அதை என்னால் இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிந்தது.

இருக்கைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், என் பேருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தது. சானமாவுக்காரருடைய பேரைப் போட்டு, அவருடைய அம்புக்குறிகளைப் பற்றி மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தேதி, மறுநாள். எழுதியதும் மனம் லேசானது. பட்டியலில் ஏற்றிவிட்டால் பாதி முடிந்த மாதிரி என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. மறுநாள் விடுமுறைக்கு முந்தைய நாள் என்பதால் தாள் ஒட்டவில்லை, மேனேஜரும் பெங்களூருக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் போகி, விடுமுறை தொடங்கிவிட்டது.

விடுமுறை முடிந்து வந்து திறந்தபோது என் வரிக்கு வால் முளைத்திருந்தது. அடைப்புக்குறிக்குள் ஐந்து. பலகையில் ஒட்டும் தாளில் என் பேரும் உண்டு, என் வேலைகளும் உண்டு. அப்படியே அடித்தால் ஆட்கள் எல்லோரும் படிப்பார்கள். எட்டு மணிக்குள் தாள் ஒட்ட வேண்டும். மேனேஜர் வர ஒன்பது ஆகும்.

அந்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். நான் போகவில்லை. பத்து மணிக்குத் தணிக்கைத் தாள்களைச் சரி பார்த்தேன், பதினொன்றுக்கு யாருக்கோ பிரின்டர் ரிப்பன் மாற்றிக் கொடுத்தேன். மாலையில், நாளைக்கு நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு, ஏழு, எட்டு என்று எண் கூடியது. ஒவ்வொரு நாளும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வரிகளைப் பார்த்தேன். எண் கூடக் கூடச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்து இப்போது பதில் வேண்டும்.

எண் ஒன்பதான நாள் நோட்டீஸ் பலகையில் பர்மனென்ட் ஆனவர்கள் என்று மூன்று பேர்கள் இருந்தன. சானமாவுக்காரர் பேர் இல்லை. மாதக் கடைசியோடு அவருடைய தற்காலிக வேலையும் முடிகிறது என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள்.

அவர் வரவில்லை. மதுரைக்காரர்தான் வந்தார். கதவைத் தட்டவில்லை, நான் சாப்பிடப் போகும் வழியில் மறித்துக்கொண்டார்.

"ஏன் தாயி, ஏணி போட்டு ஏறி நான் செஞ்ச வேலையெல்லாம் அவன் பேர்ல பாக்கியாமுல்ல? ஒன் கம்ப்யூட்டரு கண்ணுக்கு நானு தெரியலையா?"

நான் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன்.

"எழுதி வச்சு? யாருக்குக் காட்ட எழுதி வச்ச?"

அவர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "அவென் இன்னமும் நீ அம்பு போட்டிருக்கன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறான்" என்றார். சாப்பிடாமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நோட்டை எடுத்துப் போய் ஆவணி மாதத்து அம்புகளைக் காட்டினேன். நட்சத்திர வரிகளையும் சேர்த்து அச்சடிக்க ஒரு வழி இருந்தது. அதைப் பயன்படுத்திப் பதினேழையும் எடுத்து வைத்தேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. முழுவதையும் படித்தார். ராகிக் காவலைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு, தலைமை அலுவலகத்தில் மூன்று இடத்துக்குத்தான் அனுமதி, கடிதங்கள் கையெழுத்தாகிவிட்டன, ஏறிய ஒருவரை இறக்க முடியாது என்றார். எழுதிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எழுதவும் செய்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறை எப்போது என்று அதில் இல்லை.

நான் எழும்போது அவர் கேட்டார். "அன்னிக்கு இங்கதானம்மா நின்ன. ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தாறு இயந்திரங்களின் எண்ணெய்த் தேதியைப் பார்க்காமல் சொல்கிறவள் நான். அவர் கோப்பை மூடி வைத்தார், நம்பவில்லை என்று அதிலேயே தெரிந்தது. பதினேழு வரிகளையும் சரி செய்துவிட்டு என் வரிக்கு எக்ஸ் போடப் போனேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகும், மறந்துவிட்டேன் என்ற ஒரு பொய்யில்தான் அது முடிந்திருந்தது. அப்படியே விட்டேன்.

மாதத்தின் கடைசி நாள் சானமாவுக்காரருக்கு ஒன்பது வேலைகள் இருந்தன. போகிறவர் யாரும் கடைசி நாளில் முழுசாகச் செய்வதில்லை. மாலை நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக உள்ளே வந்தார். காலுறையில் குதிகால் பக்கம் ஓட்டை. ஏ.சி. குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"ஒம்பதும் ஆச்சுங்க. நீங்க போடறத நான் பாக்கறன்."

பட்டியல் என் பேரில்தான் தொடங்கும். அவருடைய பேருக்குப் போக வேண்டும் என்றால் என் வரிகளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முதல் வரியே அதுதான். நட்சத்திரம், அவர் பேர், மேனேஜர் என்ற சொல், கடைசியில் அடைப்புக்குறிக்குள் பத்தொன்பது. அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. இயந்திர எண்களைப் படிப்பார், தன் பேரைப் படிப்பார். நான் வேகமாக இறங்கியிருக்கலாம். விசையை அழுத்திய விரல் கொஞ்சம் தாமதித்தது. அவர் பார்க்கட்டும் என்று தாமதித்தேனா, பயத்தில் தாமதித்தேனா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் பேருக்கு வந்தேன். அவர் எண் சொன்னார், நான் எக்ஸ் போட்டேன். மூன்று. ஏழு. பதினாலு. போட்டதும் வரி ஒரு நொடி நின்று மறைந்தது. ஒவ்வொன்றாக மறைவதை அவர் கவனமாகப் பார்த்தார். ஒன்பதாவதும் போனதும் அவர் பேர் மட்டும் கீழே எதுவும் இல்லாமல் நின்றது. பிறகு, அந்த ப்ரோகிராம் அப்படித்தான் செய்யும், பேரும் போய்விட்டது. கீழே இருந்தவருடைய பேர் மேலே ஏறி அந்த இடத்தில் நின்றது.

"அவ்ளோதானுங்களா?"

"அவ்வளவுதாங்க" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆயத்தம் செய்து வைத்திருந்தேன், தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். மேனேஜரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டன்ங்க" என்றார். பிறகு திரையைப் பார்த்தபடியே, "மேல எம் பேருகிட்ட இருந்த நட்சத்திரந்தான அம்பு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் தலையாட்டினார். வெளியே போய், சுவரில் சாய்ந்து, ஒரு காலுக்குப் பின் இன்னொரு காலாகப் பூட்ஸை மாட்டி, கயிற்றை முழுதாக மேல்வரை கட்டி முடிக்கும்வரை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவரும் ஒருமுறை என்னைப் பார்த்தார். சானமாவு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.